நாற்பத்தோராயிரத்து முந்நூற்று இருபத்தாறாம் நாற்காலி

எங்கள் ஊரில் அக்டோபர் பாதி கழிந்த பிறகு யாராவது தெருவில் நிறுத்தி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், அவர் கேட்பது உங்கள் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரைப் பற்றித்தான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள அடுக்குமாடிக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் எங்கள் வெப்ப நிலையத்திலிருந்துதான் குழாய் வழியாக வெந்நீர் போகிறது. நான் அங்கே கட்டுப்பாட்டு அறையில் முறைப்பணி பார்க்கிறவன். பெரிய திரையில் முந்நூற்று நாற்பது எண்கள் மினுங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருக்கும் சின்னப் பெட்டி சொல்கிற வெப்பநிலை. பேசாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதால் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

அந்த எண்களைத் திரைக்குக் கொண்டுவருகிறவர் ரொசாந்தா அத்தை. இயக்குநரைத் தவிர நிலையத்தில் எல்லோருக்கும் அவர் அத்தைதான். ஐம்பத்து நான்கு வயது. ஊருக்கே சூடு அனுப்பும் கட்டடத்தில் குளிர்ந்த அறை ஒன்றே ஒன்று, சர்வர் வைத்திருக்கும் அறை. கோடையிலும் அங்கே கம்பளி மேல்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு இருக்கும். வெளிச் செருப்போடு யாரும் உள்ளே வரக் கூடாது. போன வருடம் நகர மேயர் பார்வையிட வந்தபோது அந்தச் செருப்பு அவருக்கு இரண்டு அளவு சின்னது. அதோடுதான் நடந்தார்.

அத்தை இந்த அறைக்கு வந்த வழி நேரானதல்ல. இருபத்திரண்டு வயதில் நிலையத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த வேலை தொலைபேசி. அன்றைக்கு ஊரில் எல்லா எண்களும் ஐந்து இலக்கம். நிலையத்தின் எண் 41-326. வீடு குளிர்ந்துபோனால் ஊரே அந்த எண்ணைச் சுற்றும், எடுப்பது ரொசாந்தா. ஆறு குளிர்காலம் எடுத்தார். குளிரில் நடுங்குகிறவர்கள் எந்தக் கெட்ட வார்த்தையை எந்த வரிசையில் சொல்வார்கள் என்று அவருக்கு மனப்பாடம். "அம்மா, அப்பா, தாத்தான்னு மேல போயிட்டே இருப்பாங்க. கொள்ளுத்தாத்தா வந்ததும் நான் போனை வச்சிடுவேன்" என்பார்.

பிறகு முதல் கம்ப்யூட்டர் வந்தது. யாரும் அதைத் தொட விரும்பவில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தை ரொசாந்தா வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு கையில் அகராதியும் இன்னொரு கையில் கரண்டியுமாகப் படித்தார். தொலைபேசியிலிருந்து தப்பிக்க வேறு வழியில்லை என்பதாலேயே படித்ததாகச் சொல்வார். ஆனால் ஒரு முறை, சர்வர் அறையின் பச்சை விளக்குகளைக் காட்டி, "இதுங்க கத்தாதுடா ஒக்னியென். என்ன கோளாறுன்னு ஒரு வரியில எழுதி வச்சிட்டுக் காத்திருக்கும்" என்றார். தப்பித்து வந்தவரின் குரலாக அது இல்லை.

அவருடைய பயம் எது என்பது இதிலிருந்தே தெரிந்திருக்கும். திரும்பவும் புகார் கேட்கிற இடத்துக்குப் போய்விடக் கூடாது. தொலைபேசி போய் இப்போது கீழ்த்தளத்தில் புகார் ஜன்னல் இருக்கிறது. சிலர் ரேடியேட்டரையே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள்.

அந்த ஜன்னலுக்கு அவர் போக வேண்டிய நிலைமை இந்த அக்டோபரில் வந்தது.

நிலவறைப் பெட்டிகள் சொல்வதைக் கேட்டு வாங்குவதற்கு அத்தை வருடங்களுக்கு முன் ஒரு புரோகிராம் எழுதினார். அதற்குக் காவலாளி என்று பெயர். தினமும் காலை ஆறு மணிக்கு அது ஒரு தடவை நின்று, புதிதாக எழும். கோடையில் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். அதிலிருந்து சில காலைகளில் காவலாளி எழவில்லை. எங்கள் திரை கறுத்துவிடும். எந்தக் கட்டடம் கொதிக்கிறது, எந்தக் கட்டடம் உறைகிறது என்று தெரியாது. நானும் ஸ்ரெதெனும் ஆளுக்கொரு மிதிவண்டியில் நிலவறை நிலவறையாகப் போவோம். அத்தை ஓடி வந்து மறுபடி தட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் அது எழுந்துவிடும்.

அக்டோபரில் மூன்று தடவை இப்படி ஆனது. மூன்றாவது தடவை உறைந்த கட்டடத்தில் மேயரின் மாமியார் இருந்தார்.

இயக்குநர் வுகாஷின் கெட்டவர் அல்ல. சத்தம் போடுகிறவரும் அல்ல. அத்தையின் அறை வாசலில் நின்று, செருப்பு மாற்றச் சோம்பல்பட்டு, அங்கிருந்தே சொன்னார்.

"ரொசாந்தா, இன்னும் ஒரு தடவை. ஒரே ஒரு தடவை இது படுத்துக்கிச்சுன்னா, தலைநகர் கம்பெனிகிட்ட மொத்தத்தையும் கொடுத்துடறேன். நவம்பர் ஒண்ணாம் தேதி காலை பத்து மணிக்கு அவங்க ஒப்பந்தத்தோட வர்றாங்க. ஆறு மணிக்கு நான் திரை முன்னாடி நிப்பேன். எழுந்தா அவங்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிடுவேன். எழலைன்னா கையெழுத்து."

"அப்போ நான்?"

"கீழ ஜன்னல்ல ஒரு இடம் காலியா இருக்கு."

அத்தை கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார்.

அடுத்த பத்து நாட்கள் அவர் பாதி ஆளாக இருந்தார். காவலாளி விட்டுப்போகிற குறிப்பு ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: கேட்ட எண் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டருக்குள் வருகிற ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வாசல் எண் உண்டு, அதைப் போர்ட் என்கிறார்கள். காவலாளியின் போர்ட் 41326. அந்த எண்ணில் வேறு யாரோ இருக்கிறார்கள், அதனால் எழ முடியவில்லை என்கிறது. யார் இருக்கிறார்கள் என்று அத்தை போய்ப் பார்க்கும்போது யாருமே இல்லை. பழைய காவலாளியே சாகாமல் கிடக்கிறானோ என்று சந்தேகப்பட்டு, அவனை இரண்டு தடவை கொல்லும்படி முன்பே எழுதிவைத்திருந்தார். அப்படியும் மூன்றாவது தடவை வந்தது அதே குறிப்பு.

"பேய்தான் அத்தை" என்றார் ஸ்ரெதென். கட்டுப்பாட்டு அறையில் இருபது வருடமாக இருப்பவர். "புள்ளகுட்டிக்காரப் பேய். காலையில ஆறு மணிக்கு வந்து, ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போயிடுது."

"பேயா இருந்தா நேர்ல பார்த்துப் பேசிடுவேன். இது அதைவிட மரியாதை கெட்டது."

இதற்கிடையில் அக்டோபர் முப்பத்தொன்று வந்தது. அது அத்தை வீட்டு ஸ்லாவா, அவர் கணவர் தீஹொமிரின் குடும்பத்துக்கான புனிதரின் நாள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. போன வருடம் வந்தவன் இந்த வருடமும் வருவான், புதிதாக ஒருவனையும் கூட்டிவருவான். வந்தவனைத் திருப்பி அனுப்பவும் முடியாது, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகவும் முடியாது. கெடுவுக்கு முந்தின நாள் முழுக்க அத்தை சர்வர் பக்கமே போக முடியாமல் அடுப்போடு கட்டுண்டு கிடக்க வேண்டியதாயிற்று.

வழக்கமாக எங்கள் அறையிலிருந்து ஸ்ரெதென் போவார். அன்றைக்கு அவருக்கு முறைப்பணி.

"நீ போ, கவிஞரே" என்று, பேசாமல் உட்கார்ந்திருக்கிற எனக்கு அவர் வைத்த பெயரைச் சொல்லி, ஒரு காபிப் பொட்டலத்தையும் பூக்களையும் என் கையில் திணித்தார். "உள்ள நுழைஞ்சதும் ஸ்லாவா வாழ்த்துகள்னு சொல்லணும். ரெண்டே வார்த்தை. அதுக்கும் மூணு நாள் யோசிக்காதே."

கூட்டம் வருவதற்குள் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று பதினொன்றரைக்கே போய்விட்டேன். வாசலில் தீஹொமிர் நின்றுகொண்டிருந்தார். ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. நாள் முழுக்க நின்று பரிமாற வேண்டும். வேகவைத்த கோதுமை இனிப்பில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு வார்த்தைகளைச் சொன்னேன். உள்ளே நீண்ட மேசை. வெள்ளை விரிப்பு, நடுவில் எரிகிற உயரமான மெழுகுவர்த்தி, இருபத்து நான்கு நாற்காலிகள். எல்லாம் காலி. இவ்வளவு காலி நாற்காலிகளைப் பார்த்தால் என்னைப் போன்றவனுக்குக் கை கால் ஓடாது. சுவரோரம், மேசைத் தலைமாட்டுக்கு வலப்புறம், ஜன்னல் திரை பாதி மறைக்கிற மாதிரி ஒரு நாற்காலி இருந்தது. அதில் போய் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

தீஹொமிர் ராக்கியா என்கிற பழச் சாராயத்தை ஊற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். வாயைத் திறந்தார், மூடினார். விருந்தாளியை எழுப்பக் கூடாது. ஊற்றி முடித்தார். எனக்கு எதுவும் புரியவில்லை.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வருகிற ஒவ்வொருவரும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தீஹொமிரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணில் பட்ட காலி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அரைமணி நேரம் இருந்து, சாப்பிட்டு, எழுந்து போனார்கள். அந்த இடத்தில் இன்னொருவர். போகிறவர் தொப்பியையோ கைக்குட்டையையோ விட்டுவிட்டுப் போனால், அதைத் தேடித் திரும்பி வரக்கூடும் என்று அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் யாரும் தொடுவதில்லை. அத்தை சமையலறைக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். முட்டைக்கோஸ் இலைச் சுருள் தட்டு கையில் இருந்தாலும் கண் எங்கோ இருந்தது. ஒருவருக்கு இரண்டு முறை உப்பை நீட்டினார்.

ஒரு மணிக்குப் பிளாகொயே வந்தார். ஆறடி உயரம், ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டின் கூம்: தீஹொமிர் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவர், பிள்ளைகள் மூவருக்கும் பெயர் வைத்தவர். இங்கே கூமுக்கு மேலே கடவுள், அதற்கு மேலே ஒன்றும் இல்லை. அவர் நேராக என் நாற்காலியை நோக்கி நடந்து வந்து, என் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். மேசை முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது.

"தம்பி யாரு?" என்றார்.

"ஒக்னியென். வெப்ப நிலையத்துல..." என்னுடைய குரல் எனக்கே கேட்கவில்லை.

"நல்லது. முப்பத்தொரு வருஷமா நான் உக்கார்ற நாற்காலி எப்படி இருக்கு? வசதியா இருக்கா?"

மேசை வெடித்துச் சிரித்தது. நான் எழுந்த வேகத்தில் திரைச்சீலை தலையில் சிக்கிக்கொண்டது. எங்கள் வீட்டில் கூம் கதவோரம்தான் உட்காருவார். இந்த வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல முயன்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

"இருக்கட்டும் கூமே, பையன் உக்காரட்டும், நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று தீஹொமிர் சமாதானம் செய்ய, "நான் வேற எங்கயும் உக்காரத் தெரியாதவன்பா" என்று பிளாகொயே நிற்க, சமையலறை வாசலில் தட்டோடு வந்த அத்தை கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த நாற்காலி கூமோடதுன்னு யாரும் சொல்லலையா இவன்கிட்ட?"

"வந்தப்போ வீடே காலியா இருந்துச்சு. எந்த நாற்காலி காலியோ அதுல உக்காந்தான். அவனுக்கு என்ன தெரியும்?"

அத்தை தட்டை மேசையில் வைத்தார். சரியாகச் சொன்னால், யாரோ ஒருவருடைய மடியில் வைத்தார்.

"வெளிய இருந்து வர்றவன் இல்ல" என்றார். "வெளிய போறவன்!"

"ரோசா?" என்றார் தீஹொமிர் கவலையாக.

அதற்குள் அத்தை சமையலறைக்குள் போய், மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்த மடிக்கணினியை எடுத்துத் திறந்துவிட்டார். விடுப்பு நாளிலும் அது அங்கே எப்படி வந்தது என்று தீஹொமிர் கேட்கவில்லை. பிளாகொயே என் தோளில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். என்னால் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்ததே தவிர, என்னவென்று தெரியவில்லை.

"இங்க பாருங்க கூமே. நம்ம மிஷின் வெளிய யார்கிட்டயாவது பேசப் போகணும்னா, பதில் திரும்பி வர்றதுக்கு நம்ம பக்கத்துலயும் ஒரு எண் வேணும். அதை நாம சொல்றதில்ல. மிஷினே காலியா இருக்கறதுல ஒண்ணை எடுத்துக் கொடுத்துடும். பேச்சு முடிஞ்சா எண்ணும் திரும்பி வந்துடும்."

"எந்த எண் வேணும்னாலுமா?"

"இல்ல. அதுக்குன்னு ஒரு வரிசை இருக்கு. ஒவ்வொரு மிஷினும் ஒவ்வொரு வரிசை வச்சிருக்கும். நம்ம பழைய மிஷின் ஆயிரத்து இருபத்தஞ்சுல இருந்து ஐயாயிரம் வரைக்கும்தான் கொடுக்கும். உலகத்துக்கெல்லாம் எண் பங்கு போடறவங்க நாப்பத்தொம்பதாயிரத்துக்கு மேல வச்சுக்கச் சொல்றாங்க. இந்தப் புது மிஷின்..." ஒரு கட்டளையைத் தட்டினார். திரையில் இரண்டு எண்கள் வந்தன. அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். "முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்தி அறுபத்தெட்டுல ஆரம்பிச்சு, அறுபதாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூத்தொம்பதுல முடியுது."

"நம்ம காவலாளி எண்?" என்று நான் கேட்டேன். எனக்கே தெரியும், ஆனாலும் கேட்டேன்.

"நாப்பத்தோராயிரத்து முந்நூத்தி இருபத்தாறு. நட்ட நடுவுல, கூம் நாற்காலி மாதிரி. பழைய மிஷின்ல அந்தப் பக்கம் ஒரு ஈ கூட வராது. இங்க பந்தியே அங்கதான் நடக்குது!"

பிறகு நடந்ததை நான் விளக்குகிறேன். அத்தை பாதி வார்த்தைகளை விழுங்கிவிட்டார். கோடையில் புதிய சர்வரோடு இன்னொரு புரோகிராமும் வந்தது. அது காலை ஆறு மணிக்கு எல்லா நிலவறைப் பெட்டிகளையும் தானாகவே அழைத்து, மீட்டர் அளவு உட்பட நான்கு கேள்விகள் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புது அழைப்பு, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு எண். ஒரு நிமிடத்துக்குள் ஆயிரத்து முந்நூற்று அறுபது விருந்தாளிகள். பேச்சு முடிந்த பிறகும், வழியில் ஏதாவது தாமதமாக வந்தால் குழம்பக் கூடாது என்று, அந்த எண்ணை மிஷின் ஒரு நிமிடம் யாருக்கும் விடாது. நாற்காலியில் கிடக்கும் தொப்பி மாதிரி. அதே ஆறு மணிக்குக் காவலாளி எழுந்து தன் எண்ணைக் கேட்கும். பல நாட்களில் அது காலியாக இருக்கும், சில நாட்களில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அத்தை ஓடி வந்து பார்க்கும்போது விருந்தாளி போயிருப்பார், தொப்பியையும் எடுத்துக்கொண்டு.

"அதுலயும் பாரு, வெளிய போறவனுக்கு இந்த மிஷின் இரட்டைப்படை எண்ணாப் பார்த்து முதல்ல கொடுக்கும். நம்மளுது இரட்டைப்படை. ஒரே ஒரு எண் தள்ளி வச்சிருந்தா இந்த ஜென்மத்துல மாட்டியிருக்க மாட்டேன்."

"யாரு இந்த எண்ணை வச்சது?" என்றார் பிளாகொயே.

அத்தையின் முகம் சிவந்தது. "நான்தான். நம்ம பழைய போன் நம்பர். கட்டுப்பாட்டு அறையில யாருக்கும் மறக்காதுன்னு."

பிளாகொயே சிரித்தார். "நாப்பத்தொண்ணு, முந்நூத்தி இருபத்தாறு! உன்னை எத்தனை தடவை திட்டியிருக்கேன் அந்த நம்பர்ல."

"தெரியும். கொள்ளுத்தாத்தா வரைக்கும் போறது நீங்க ஒருத்தர்தான்."

எண்ணை மாற்றிவிட்டால் என்ன என்று தீஹொமிர் வாசலிலிருந்து கேட்டார். முந்நூற்று நாற்பது நிலவறைகளுக்குள் இறங்கி, முந்நூற்று நாற்பது பெட்டிகளிலும் மாற்ற வேண்டும், பனிக்காலம் முடிந்துவிடும். வரிசையை மேலே நகர்த்தலாம். ஆனால் அதைவிட எளிதாக, இந்த எண்ணை மட்டும் யாருக்கும் தராதே என்று மிஷினிடம் சொல்லிவிடலாம். ஒரு வரி போதும்.

"அதை எழுதறதுக்கு முன்னாடி நிரூபிக்கணும்" என்றார் அத்தை. "இல்லைன்னா நாளைக்கு எழுந்தாலும் அதிர்ஷ்டம்னுதான் சொல்வான் வுகாஷின்."

"என்ன சொல்வான் வுகாஷின்?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

இயக்குநர் வந்திருந்தார். வருடா வருடம் வருகிறவர்தான். நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகிறார் என்பதற்காக ஸ்லாவாவுக்கு வராமல் இருப்பாரா? உதட்டில் கோதுமை ஒட்டியிருக்க, கையில் ஒரு புட்டியோடு நின்றார். அத்தை அவரைச் சமையலறை முக்காலியில் உட்காரவைத்து, இலைச்சுருள் தட்டை மடியில் கொடுத்து, மடிக்கணினியை உருளைக்கிழங்குக் கூடைமேல் வைத்தார்.

"பாருங்க. வெளிய போறவங்களுக்குக் கொடுக்கற வரிசையைச் சுருக்கறேன். நாப்பத்தோராயிரத்து முந்நூறுல இருந்து முந்நூத்தி அம்பது வரைக்கும்தான். இருபத்தெட்டாயிரம் நாற்காலி இருந்த மண்டபத்துல அம்பதை மட்டும் விட்டு வைக்கறேன். இப்ப மீட்டர் கேக்கறவனைக் கிளப்பிவிட்டு, காவலாளியை நிறுத்தி எழுப்பறேன்."

தட்டினார். காவலாளி எழவில்லை. அதே குறிப்பு வந்தது.

அடுத்த நொடி அத்தையின் கைபேசி அலறியது. ஸ்ரெதென்.

"அத்தை! திரை கறுத்துப் போச்சு! பேய் பட்டப்பகல்லயே வந்துடுச்சு!"

"தெரியும், நான்தான் வரச் சொன்னேன். பயப்படாம உக்காரு. வெளிய வெயில் காயுது, யாரும் உறைஞ்சு போக மாட்டாங்க."

"இயக்குநருக்குத் தெரிஞ்சா..."

"இங்கதான் என் உருளைக்கிழங்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு, மிகப் பணிவாக, "ஸ்லாவா வாழ்த்துகள், ஐயா" என்றது கைபேசி.

அத்தை இப்போது அந்த ஒரு வரியை எழுதினார். 41326 ஒதுக்கப்பட்டது. வரிசை சுருங்கியபடியேதான் இருந்தது, விருந்தாளிகளும் அதே கூட்டம். காவலாளியை நிறுத்தினார், எழுப்பினார். எழுந்தது. மறுபடி. எழுந்தது. பிளாகொயே ரயில் பெட்டி எண்ணுகிற குரலில் உரக்க எண்ணினார். ஆறாவதில் கூடத்திலிருந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பன்னிரண்டாவதில் தீஹொமிர் எல்லோருக்கும் ராக்கியா ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் ஸ்ரெதென் அழைத்து, "போச்சு... வந்துடுச்சு!" என்றார். இருபதாவது முடிந்ததும் அத்தை வரிசையைப் பழையபடி விரித்துவிட்டு, மடிக்கணினியை மூடப் போனார்.

"இரு ரோசா" என்றார் பிளாகொயே. "நாளைக்குக் கரண்டு போய் மிஷின் அணைஞ்சு எழுந்தா, இந்த ஒதுக்கீடு அதுக்கு ஞாபகம் இருக்குமா? முன்பதிவுச் சீட்டை எழுதி ஒட்டலைன்னா அடுத்த ஸ்டேஷன்ல எவன் வேணும்னாலும் ஏறி உக்காந்துடுவான்."

அத்தையின் கை பாதியில் நின்றது. மூடியைத் திறந்து, மிஷின் எழும்போதெல்லாம் படிக்கிற கோப்பில் அதே வரியை எழுதினார். கூமைத் திரும்பிப் பார்த்து, "முப்பத்தொரு வருஷமா உங்களுக்கு ஏன் சோறு போடறேன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றார்.

இயக்குநர் தட்டைக் காலி செய்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்தாலும் ரொசாந்தா, நாளைக்கு ஆறு மணிக்கு நான் நேர்ல பார்க்கணும்."

"பாருங்க. எழலைன்னா நானே ஜன்னலுக்குப் போயிடறேன். எழுந்துட்டா?"

"எழுந்துட்டா..." ராக்கியா மூன்றாவது சுற்றில் இருந்தது. "எழுந்துட்டா அந்த ஜன்னல்ல ஒரு நாள் முழுக்க நானே உக்கார்றேன். போதுமா?"

"கூமே, கேட்டீங்களா?"

"சாட்சி நிக்கறதுதானே என் பொழைப்பு" என்றார் பிளாகொயே. சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். என்னை அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, இடத்தை இழந்த துக்கத்துக்கு மருந்து என்று சொல்லி மூன்று தட்டு சாப்பிடவைத்தார். சாயங்காலம் வரை நான் கிளம்பவில்லை. கிளம்ப வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மறுநாள் காலை ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இயக்குநர் திரை முன்னால் வந்து நின்றார். ஸ்ரெதென் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். நான் திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆறு மணிக்குத் திரை கறுத்தது. அந்தக் கறுப்பு வழக்கமாக நான்கு நொடி இருக்கும். எத்தனையோ காலை அதைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு அகலமாக அது இருந்ததில்லை. பிறகு மேல் மூலையில் ஒரு எண் வந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் முந்நூற்று நாற்பதும், ஜன்னல் ஜன்னலாக விளக்குப் போட்டதுபோல்.

இயக்குநர் திரையை நெருங்கிப் போனார். மேயரின் மாமியார் இருக்கும் கட்டடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். இருபத்திரண்டு டிகிரி. தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். பத்து மணிக்கு வந்த தலைநகர்க்காரர்களுக்குக் காபியோடு அத்தை கொண்டுவந்த ஸ்லாவா ரொட்டியின் மிச்சமும் கிடைத்தது. நல்ல பையன்கள். அத்தையின் அறையைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர்பின் ஒருவராகச் செருப்பு மாற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். சர்வரின் நெற்றியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்கள். அதில் அத்தையின் பெரிய எழுத்தில் இருந்தது: "41326. கூம் நாற்காலி. யாரும் உட்காரக் கூடாது."

வெள்ளிக்கிழமை இயக்குநர் சொன்ன சொல் தவறாமல் புகார் ஜன்னலுக்கு வந்தார். அங்கிருந்த நாற்காலியில் ஒரு அட்டை இருந்தது: "ஒதுக்கப்பட்டது: இயக்குநர்." யார் வைத்தது என்று கேட்கவில்லை. அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை கம்பளிச் சட்டையோடு படிக்கட்டில் நின்றிருந்தார். நானும் ஸ்ரெதெனும் அவருக்குப் பின்னால். வேலை நேரத்தில் ஏன் இங்கே என்று யாரும் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்ததும் வரிசையில் முதல் ஆளாக நின்றவர் பிளாகொயே. குனிந்துதான் ஜன்னலுக்குள் பார்க்க முடிந்தது.

"சாட்சியா வந்திருக்கீங்களா?" என்றார் இயக்குநர், கொஞ்சம் நிம்மதியாக.

"அது முடிஞ்சுபோச்சு" என்றார் பிளாகொயே, கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து விரித்தபடி. "என் குளியலறை ரேடியேட்டர் ரெண்டு வருஷமா சுடல. உங்க அப்பா உயிரோட இருக்காரா? அவர்ல இருந்து ஆரம்பிக்கறேன்."